எக்செல் ஆய்வு: எதை எதோடு கூட்டினார்கள்?

இதயத்தின் இடது பிரதான ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் பைபாஸா, ஸ்டென்ட்டா? இந்தக் கேள்வி வந்தாலே எக்செல் ஆய்வைக் காட்டுவார்கள். 17 நாடுகள், 1905 நோயாளிகள். செலவு ஸ்டென்ட் தயாரிக்கும் அபாட் நிறுவனத்துடையது. 2016-ல் வந்த மூன்றாண்டு முடிவு: ஸ்டென்ட் 15.4 சதவீதம், பைபாஸ் 14.7. அப்போ ரெண்டும் ஒண்ணுதானே என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு உறுத்துவது, அந்தச் சதவீதம் எதைக் கூட்டி வந்தது என்பது. மரணம், பக்கவாதம், மாரடைப்பு, இதில் எது நடந்தாலும் ஒரே மதிப்பு. சிகிச்சையை ஒட்டி ரத்தத்தில் ஒரு என்சைம் இயல்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஏறினாலே, வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், அதுவும் மாரடைப்புதான். செத்தவரும் என்சைம் ஏறியவரும் ஒரே கணக்கா?

காலத்தையும் பிரித்துப் பாருங்கள். முதல் 30 நாளில் பைபாஸ் 7.9, ஸ்டென்ட் 4.9. அதன்பின் மூன்றாம் ஆண்டுவரை தலைகீழ்: ஸ்டென்ட் 11.5, பைபாஸ் 7.9. பைபாஸின் கஷ்டம் முதல் மாதத்தில், பலன் பின்னால். மூணாவது வருஷத்தில் கணக்கை மூடினால் இரண்டும் சமமாகத்தான் தெரியும்.

2019-ல் ஐந்தாண்டு முடிவு வந்தது. கூட்டுக் கணக்கில் 22.0-க்கு 19.2, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது கட்டுரை. ஆனால் எந்தக் காரணத்தாலும் இறந்தவர்கள் ஸ்டென்ட்டில் 13.0, பைபாஸில் 9.9. ஆய்வின் அறுவைச் சிகிச்சைக் குழுத் தலைவர் டேவிட் டாகர்ட் கட்டுரையிலிருந்து தன் பெயரை விலக்கிக்கொண்டார். ஐரோப்பிய இதய அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் சங்கம், சிகிச்சை வழிகாட்டியில் இந்தப் பகுதிக்குத் தந்த ஆதரவைத் திரும்பப் பெற்றது.

உடனே "ஸ்டென்ட் ஆளைக் கொல்லும்"னு வாட்ஸ்அப்பில் போட்டுடாதீங்க. 2021-ல் லான்செட்டில் நான்கு ஆய்வுகளின் 4394 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது ஐந்தாண்டு மரணம் 11.2-க்கு 10.2, புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி அடைப்பு நீக்க வேண்டி வந்தது ஸ்டென்ட்டில் தெளிவாக அதிகம்.

என் புகார் ஸ்டென்ட் மேல் இல்லை, கூட்டல் மேல். எண்பது வயதுக்காரருக்கு முதல் மாதம் பெரிசாக இருக்கலாம். ஐம்பது வயதுக்காரருக்குப் பத்தாவது வருஷம். ஒற்றைச் சதவீதத்தைக் கையில் கொடுத்தால் இருவராலும் முடிவெடுக்க முடியாது. கூட்டிச் சொல்லுங்க, பிரிச்சும் சொல்லுங்க.