குட்டிச் சிப்பிக்குத் தீனி: ஊர் விட்டு ஊர் வந்த ஓர் எண்

உடுமலையில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் தம்பி ஒருத்தர் போன வாரம் கேட்டார்: "ஏனுங்ண்ணா, ராட்சதச் சிப்பி ஒண்ணு விலைக்கு வருதுங்க. மேக்சிமா, மூணு அங்குலம். வாங்கலாமுங்களா?" கூடவே இணையத்தில் சுற்றுகிற வளர்ப்புக் குறிப்பு ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

குறிப்பில் பாதி சரி. இந்தச் சிப்பியின் விரிந்த சதையில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு சிப்பிக்குப் போகிறது. அதனால் பலமான விளக்கு வேணும். ஓடு வளரக் கால்சியமும் காரத்தன்மையும் ஏறி இறங்காமல் இருக்கணும். இதில் சண்டை இல்லை.

சண்டை அடுத்த வரியில்: சின்னச் சிப்பிக்குத் தினமும் பைட்டோபிளாங்டன் ஊற்றாவிட்டால் பட்டினியில் செத்துப்போகுமாம். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது க்ளம்ப், பேய்ன், ஹாக்கின்ஸ் மூவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு. கார்பன் தேவையில் சிறு சிப்பி 65 சதவீதத்தையும், பெரியது 34 சதவீதத்தையும் நீரை வடிகட்டி உண்டு பெறுகிறது என்றது அது. ஆனால் அளந்தது ஆஸ்திரேலியப் பவளத்திட்டில், மீட்டருக்கு மேல் வளரும் ட்ரிடாக்னா கைகாஸ் என்ற ஓர் இனத்தை மட்டும். கடலில் கிடைப்பதை அது எவ்வளவு தின்கிறது என்பதுதான் அந்த எண். கிடைக்காவிட்டால் செத்துவிடும் என்று அது சொல்லவில்லை.

குஞ்சுச் சிப்பிகளை வெளிச்சத்தில் வைத்து, நீரில் கொஞ்சம் அம்மோனியம் சேர்த்தே வளர்க்கும் பண்ணைகள் உண்டு. பாசிக்கு நைட்ரஜன் வேணும், அவ்வளவுதான். மீன் இருக்கும் தொட்டியில் அது தானாகவே கிடைக்கும். நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கத் துடிப்பதும், பாட்டில் பாட்டிலாக ஊற்றித் தண்ணியைக் கெடுப்பதும்தான் ஆபத்து.

வெப்பநிலையும் அப்படித்தான். 25-லிருந்து 27 டிகிரி என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் கரண்ட் போய் சில்லர் நின்றால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. சூடு நீடித்தால் பாசி வெளியேறி, சிப்பி வெளுத்துப் போகும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. 'நல்ல சிப்பியாகப் பார்த்து வாங்குங்கள்' என்கிறது குறிப்பு. எங்கிருந்து வந்தது என்று கேட்கச் சொல்லவில்லை. வெளிநாட்டில் பண்ணைச் சிப்பி கிடைக்கும். பலாவ் தீவில் 1980-களிலேயே பெருமளவில் வளர்த்தார்கள். நம் நாட்டில் மேக்சிமா வாழ்வது லட்சத்தீவிலும் அந்தமானிலும். 2001-இல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். பக்கத்து ஆனைமலைப் புலி இருக்கிற அதே அட்டவணை. புலிக்குட்டி விலைக்கு வந்தால் வாங்கலாமா என்று தம்பி கேட்டிருக்க மாட்டார்.

சட்டத்துக்கு மட்டும் சொல்லவில்லை. மேக்சிமா நார் போன்ற இழைகளால் பாறையைப் பிடித்துக்கொண்டு வாழ்வது. இழுத்துப் பிடுங்கினால் அந்த இழை சுரக்கும் உறுப்பே கிழிந்துவிடலாம். அப்படி அடிபட்டது தொட்டிக்கு வந்து வாரக்கணக்கில் மெல்லச் சாகும். நாமோ விளக்கையும் கால்சியத்தையும் சோதித்துக்கொண்டிருப்போம். ஆரோக்கியத்தைப் பற்றிய குறிப்பில் முதல் வரியாக இருக்க வேண்டியது இதுதான்.

தம்பிக்குச் சொன்னேன்: "விக்கறவர்கிட்ட காகிதம் கேளுங்க." கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் அந்த ஆள் போனையே எடுக்கவில்லையாம்.