தன்னைத் தானே சரிபார்க்கும் கணக்கு

மின்தடைச் சுற்றுக் கணக்கின் அழகு, விடை சரியா என்பதை அதுவே சொல்லிவிடுவதில் இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியோடு 2 ஓம் மின்தடை தொடரிணைப்பில். அதையடுத்து 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில். பக்க இணைப்பின் தொகுபயன் 2 ஓம், சுற்றுக்கு மொத்தம் 4 ஓம். ஆகவே மின்னோட்டம் 3 ஆம்பியர். முதல் மின்தடையில் 6 வோல்ட் போக, மிச்சம் 6 வோல்ட் இரு கிளைகளுக்கும் பொது. 6 ஓமில் 1 ஆம்பியர், 3 ஓமில் 2 ஆம்பியர். கூட்டினால் அதே 3. திறனும் 18, 6, 12 வாட் சேர்ந்து 36; பேட்டரி தருவதும் 36. 1845இல், மாணவராக இருந்தபோதே கிர்க்காஃப் வகுத்த இரு விதிகள்தாம் இதற்கு ஆதாரம்: சந்தியில் மின்னூட்டம் தேங்காது, மூடிய சுற்றில் மின்னழுத்தக் கணக்கு பிசகாது.

நிஜ பேட்டரிக்கு அகமின்தடை உண்டே, பல்பின் இழை சூடேறினால் மின்தடை மாறுமே என்று கேட்கலாம். அகமின்தடையை இன்னொரு தொடர் மின்தடையாகச் சேர்த்துக்கொள்ளலாம். இழையில் ஓம் விதியின் நேர்விகிதம் உடைந்தாலும் கிர்க்காஃபின் விதிகள் நிற்கின்றன. மென்பொருள் நொடியில் விடை தரும் என்பதும் உண்மைதான். தவறான எண்ணைக் கொடுத்தால் தவறான விடையும் நொடியில் வரும். பக்க இணைப்பின் தொகுபயன் மிகச்சிறிய கிளையைவிடவும் குறைவாகவே இருக்கும் என்று அறிந்தவரே அந்தப் பிழையைப் பிடிப்பார். அந்த அறிவைக் கைக்கணக்குதான் வளர்க்கிறது.