குடும்ப வரலாறும் நில வரலாறும்: ஜூடித் ரைட்டின் இரு நூல்கள்

ஆய்வுச்சுருக்கம்

ஆஸ்திரேலியக் கவிஞர் ஜூடித் ரைட் (1915–2000) தம் முன்னோரின் குடியேற்ற வரலாற்றை இருமுறை எழுதியவர். 1959இல் வெளிவந்த ‘தி ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்’ (இனி ‘தலைமுறைகள்’), 1981இல் வெளிவந்த ‘தி க்ரை ஃபார் தி டெட்’ (இனி ‘ஓலம்’) ஆகிய இரண்டும் ஒரே குடும்பத்தையும் பெரும்பாலும் ஒரே நிலப்பரப்பையும் பேசுகின்றன. ஆயினும் முதல் நூலில் ஓரத்தில் நின்ற தொல்குடி மக்களின் அழிவு இரண்டாம் நூலின் பொருளாகவே மாறியுள்ளது. ஆசிரியரின் அறியாமையைக் காட்டிலும் குடும்ப வரலாறு என்னும் இலக்கிய வடிவமே முதல் நூலின் மௌனத்திற்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: குடும்ப வரலாறு, குடியேற்றம், ஆஸ்திரேலியத் தொல்குடிகள், நாட்குறிப்பு, ஜூடித் ரைட்.

முன்னுரை

குடியேற்ற நாடுகளின் வரலாற்றெழுத்தில் ‘முன்னோடி’ என்னும் சொல் தனி மதிப்புடையது. ஒருவரை முன்னோடி என்ற அளவிலேயே, அவருக்கு முன்னர் அவ்வழியில் எவரும் சென்றிலர் என்ற பொருள் உடன் வந்துவிடுகிறது. காட்டை அழித்து நாடாக்குதலைப் பெருமையாகப் பாடும் மரபு தமிழுக்கும் புதிதன்று. கரிகாலனின் ஆட்சிச் சிறப்புகளுள் ஒன்றாகப் பட்டினப்பாலை அதனைச் சுட்டுகிறது. அக்காட்டில் வாழ்ந்தோர் யாவர் என்ற வினா புகழ்மொழிக்குள் எழுவதில்லை. முன்னோடியின் வழித்தோன்றல் ஒருவரே அவ்வினாவை எழுப்பும்போது குடும்ப வரலாறு என்ன ஆகிறது என்பதற்கு ரைட்டின் இரு நூல்களும் சிறந்த சான்றுகளாகும்.

குடும்பமும் ஆவணங்களும்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் விண்டம், மனைவி மார்கரெட்டுடன் 1827ஆம் ஆண்டின் இறுதியில் சிட்னி வந்தடைந்தார். அடுத்த ஆண்டு நியூ சவுத் வேல்ஸின் ஹண்டர் பள்ளத்தாக்கில் டால்வுட் என்னும் நிலத்தைப் பெற்றுத் திராட்சைத் தோட்டமும் கால்நடைப் பண்ணையும் அமைத்தார். 1840களின் பொருளாதார நெருக்கடியில் குடும்பம் வண்டிகளில் வடக்கு நோக்கிப் பெயர்ந்து, பின்னர்த் திரும்பியது. அடுத்த தலைமுறைகள் மேலும் வடக்கே நிலம் தேடின. ஜூடித் ரைட்டின் பாட்டனார் ஆல்பர்ட் ரைட்டும் பாட்டி மே ரைட்டும் குவீன்ஸ்லாந்தின் டாசன் ஆற்றுப் பகுதியில் நுலால்பின் பண்ணையை நடத்தினர். 1890இல் ஆல்பர்ட் கடன்சுமையோடு மறைந்தார். மே பண்ணைப் பொறுப்பை ஏற்றுக் கடன்களைத் தீர்த்து, நியூ இங்கிலாந்து மேட்டுநிலத்தின் வோங்விபிண்டா பண்ணையை வளர்த்தெடுத்து, 1929இல் மறைந்தார்.

‘தலைமுறைகள்’ நூலுக்கு ஆல்பர்ட்டின் நாட்குறிப்புகளும் மேயின் நினைவுகளும் அடிப்படை. இவ்விரண்டையும் புனைகதைக்குரிய காட்சிகளாகவும் மனவோட்டமாகவும் விரித்து எழுதினார் ரைட். நூல் வெளிவந்த 1959, குவீன்ஸ்லாந்து தனி ஆட்சிப்பகுதியாகப் பிரிந்ததன் நூற்றாண்டு. முன்னோடிகளைக் கொண்டாடும் மனநிலை நிலவிய அச்சூழலில் இந்நூல் அன்புடன் வரவேற்கப்பட்டதில் வியப்பில்லை.

அறியாமையா, வடிவமா?

முதல் நூலில் தொல்குடி மக்கள் முற்றிலும் இல்லை எனக் கூறுதல் பிழை. பண்ணையில் உழைப்போராக அவர்கள் வருகின்றனர். அவர்தம் அழிவைக் கண்டு ஆல்பர்ட்டின் உள்ளத்தில் குற்றவுணர்வு எழுவதை ரைட் கூர்மையாகவே எழுதுகிறார். வெள்ளையர் தம் குற்றவுணர்வை ஏற்றுக்கொள்ளாதவரை, அவ்வுணர்வைத் தோற்றுவித்த மக்களை அவர்களால் மன்னிக்க இயலாது என்னும் கருத்து அங்கு இடம்பெறுகிறது. 1959ஆம் ஆண்டின் எழுத்துக்கு இது துணிவானது. ஆனால் அக்குற்றம் யாருக்கு, எங்கே, எவரால் இழைக்கப்பட்டது என்பது அங்கு விளக்கம் பெறவில்லை. நிகழ்வு விலகி நிற்க, உணர்வு மட்டும் எஞ்சுகிறது. நாடு இழந்தவர்களின் துயரம், நாடு பெற்றவரின் மனத்துயரமாக உருமாறிவிடுகிறது.

இதற்கு அக்கால வரலாற்றறிவின் குறைவே காரணம் எனலாம். மானிடவியலாளர் ஸ்டானர் 1968ஆம் ஆண்டின் வானொலிப் பேருரைகளில் ஆஸ்திரேலியாவின் பெருமௌனத்தைச் சுட்டிக்காட்டினார். நிலக்காட்சியின் ஒரு பகுதி முழுவதும் தெரியாதவாறு அமைத்த சாளரத்தோடு அதனை ஒப்பிட்டார். ரௌலியின் ஆய்வுநூல் 1970இல்தான் வந்தது. ஹென்றி ரெனால்ட்ஸ் எல்லைப்புறத்தின் மறுபக்கத்தைப் பற்றி எழுதிய நூலும் ‘ஓலம்’ வெளிவந்த அதே 1981ஆம் ஆண்டினது. எனவே 1959இல் எழுதியவருக்குத் தரவுகள் குறைவு என்பது ஓரளவு உண்மையே.

ஆயினும் இவ்விளக்கம் போதாது. 1946இல் வெளிவந்த ரைட்டின் முதல் கவிதைத் தொகுப்பாகிய ‘தி மூவிங் இமேஜ்’ நூலிலேயே, நியூ இங்கிலாந்து மேட்டுநிலத்தில் தொல்குடி மக்கள் பாறைமுகட்டிலிருந்து விரட்டி வீழ்த்தப்பட்ட நிகழ்வைப் பற்றிய கவிதை உள்ளது. அச்செய்தி அவருக்குத் தந்தையார் வழியாகவே வந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்க் கவிதையில் நேராகச் சொன்னதை உரைநடை வரலாற்றில் அவ்வாறு சொல்ல இயலாமற் போனதற்குத் தகவற் குறை எங்ஙனம் முழு விடையாகும்? வேறுபாடு இலக்கிய வகையில் உள்ளது. கவிதை இடத்தை முன்னிறுத்தியது. அந்த முகடே அதன் பொருள். குடும்ப வரலாறோ குருதிவழியை முன்னிறுத்துவது. அதில் நிலத்தின் காலக்கணக்கு, குடும்பம் வந்திறங்கிய ஆண்டிலேயே தொடங்குகிறது. உறவுமுறைக்குள் வராதவர் கதைமாந்தராக நிலைபெறுவதில்லை.

இரண்டு கடன்கள்

இவ்வடிவத்தின் வலிமை மேயின் பாத்திரப் படைப்பில் நன்கு புலப்படுகிறது. கணவனை இழந்த பெண் கால்நடைகளையும் கணக்குகளையும் கற்றுத் தேர்ந்து, ஆண்கள் கோலோச்சிய தொழிலில் தனித்து நின்று வெல்கிறாள். பெண் தன்னுரிமை பெறும் கதை என்ற அளவில் இது இன்றும் உயிருள்ளது. வங்கிக்கும் அடைமானத்திற்கும் எதிராக அவள் போராடும்போது வாசகரின் பரிவு முழுதும் அவள் பக்கமே சாய்கிறது.

இப்பரிவின் விளைவைக் கவனித்தல் வேண்டும். நூல் முழுவதும் கடன் என்பது வங்கிக்குரிய கடனாகவே எண்ணப்படுகிறது. அது தீர்ந்தவுடன் நிலம் முழுமையாகக் குடும்பத்திற்கு உரியதாகிவிடுகிறது. அந்நிலத்தின் முதல் உரிமையாளருக்குப் பட்ட கடன் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. தமிழில் ‘கடன்’ என்னும் சொல் திருப்பித் தரவேண்டிய பொருளையும் செய்தாக வேண்டிய கடமையையும் ஒருசேரக் குறிக்கும். ‘தலைமுறைகள்’ முதற்பொருளை மட்டும் அறிந்த நூல்; ‘ஓலம்’ இரண்டாம் பொருளிலிருந்து பிறந்தது.

‘ஓலம்’: இடத்திற்குத் திரும்புதல்

இரண்டாம் நூலில் குடும்பம் கிளைக்கதையாகச் சுருங்குகிறது. நடுக் குவீன்ஸ்லாந்துச் சமவெளியில் வாழ்ந்த வாட்ஜா மக்களும் அவர்தம் நாடும் நடுவிடம் பெறுகின்றனர். ரைட் இங்குக் குடும்பப் பெட்டியைத் தாண்டி அரசு ஆவணங்கள், நாளிதழ்கள், பயண நூல்கள் ஆகியவற்றைத் துணைக்கொள்கிறார். தம் பாட்டனாரின் நாட்குறிப்பை அவற்றின் அருகில் வைத்து மீண்டும் படிக்கிறார்.

இவ்வாறு அருகருகே வைக்கும்போது சொற்களின் முகம் மாறுகிறது. குவீன்ஸ்லாந்தின் ‘உள்நாட்டுக் காவற்படை’ 1848இல் தொடங்கப்பட்டது. வெள்ளை அதிகாரிகளின் கீழ், தொலைவான பகுதிகளிலிருந்து சேர்க்கப்பட்ட தொல்குடி வீரர்களைக் கொண்டது. அதன் அறிக்கைகளில் ‘கலைத்தல்’ என்னும் பொருளுடைய சொல் திரும்பத் திரும்ப வரும். கூட்டத்தைக் கலைத்ததாக எழுதப்பட்டவிடத்துப் பெரும்பாலும் நிகழ்ந்தது துப்பாக்கிச் சூடே. குடியேறியோரின் வழக்கில் நிலத்தை ‘எடுத்துக்கொள்ளுதல்’ என்பதும் இத்தகையதே. யாரிடமிருந்து எடுத்தார் என்ற எச்சம் அத்தொடரில் இல்லை. நாட்குறிப்பில் மழையளவும் மந்தைக் கணக்கும் நாள்தோறும் பதிவாக, மனிதர் இல்லாமற்போவது மட்டும் பதிவாகாது. அன்றாடத்தைக் குறிக்கும் ஆவணம், அன்றாடமாகிவிட்ட வன்முறையைக் குறிப்பதில்லை.

நிகழ்வுகளைக் காலவரிசையில் வைக்கும் முறையும் இங்கு மாறுகிறது. 1857இல் மேல் டாசன் பகுதியின் ஹார்னெட் பேங்க் பண்ணையில் 11 பேரும், 1861இல் கல்லின்-லா-ரிங்கோவில் 19 குடியேற்றக்காரரும் கொல்லப்பட்டனர். முன்னோடி வரலாறுகள் இவற்றைத் தூண்டுதலின்றி எழுந்த கொடுஞ்செயல்களாகத் தொடக்கத்தில் வைத்து, பின்வந்தவற்றைப் பதிலடி என விளக்குவன. நிலத்திலிருந்து கதையைத் தொடங்கினால் ஆடுமாடுகள் அடைத்துக்கொண்ட நீர்நிலைகள், மறைந்த வேட்டை விலங்குகள், முன்னரே நடந்த கொலைகள் ஆகியன அவற்றிற்கு முந்தி நிற்கின்றன. ஹார்னெட் பேங்க் நிகழ்வுக்குப் பின் ஈமன் மக்கள்மீது நடத்தப்பட்ட பழிவாங்கல் அச்சமூகத்தையே சிதைத்தது.

மேய்ச்சல் மிகுதியால் புல்வெளி சீரழிந்ததும், சப்பாத்திக்கள்ளி பெருநிலங்களை விழுங்கியதும் இந்நூலில் மனித அழிவோடு பிணைத்தே பேசப்படுகின்றன. சூழல் இயக்கத்தில் முன்நின்ற ரைட்டுக்கு இவை இரு வேறு வரலாறுகள் அல்ல. நிலத்தை அறிந்தோரை அகற்றியவர்கள் நிலத்தையும் காக்க அறிந்திலர் என்பதே அவர் காட்டும் காரணத் தொடர்பு.

‘ஓலம்’ நூலின் எல்லைகள்

இந்நூலும் வினாக்களுக்கு அப்பாற்பட்டதன்று. முதலாவது, இதன் சான்றுகளும் பெரும்பாலும் குடியேறியோர் எழுதியவையே. வாட்ஜா மக்கள் எங்கெங்குத் தாக்கப்பட்டனர் என்பதை அறியும் அளவிற்கு, அவர்கள் தம்முள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நாம் அறிய இயலவில்லை. மே ஒருத்திக்குக் கிடைத்த மனவோட்டமும் குரலும் அம்மக்களுள் எவருக்கும் கிடைக்கவில்லை. ஆயின் அவற்றைப் புனைந்து தர ரைட் முற்படாமை குறையன்று. முதல் நூலில் புனைவுக்கு இருந்த உரிமை பிறர் வரலாற்றில் தமக்கில்லை என்னும் தெளிவு அது.

இரண்டாவது எல்லை சற்று ஆழமானது. தலைப்பே மாண்டோருக்கான புலம்பலாக அமைகிறது. புலம்பல், நிகழ்ந்தது முடிந்துவிட்டதெனக் கொள்வது. உண்மையில் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் குவீன்ஸ்லாந்துத் தொல்குடிகள் பலர் ஒதுக்கிடங்களுக்கு வலிந்து பெயர்க்கப்பட்டனர். டாசன் பகுதியில் 1911இல் அமைந்த டாரூம் ஒதுக்கிடம் 1927இல் வூரபிண்டாவுக்கு மாற்றப்பட்டது. அவ்வூரில் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுக்கு இரங்கலினும் உரிமையே தேவை. ரைட் இதனை உணர்ந்தவர் என்பதற்கு அவரது செயல்களே சான்று. 1979இல் கூம்ஸ் தலைமையில் அமைந்த தொல்குடி உடன்படிக்கைக் குழுவில் அவர் இணைந்து உழைத்தார். 1985இல் அம்முயற்சியின் வரலாற்றையும் எழுதினார். எவர்க்கும் உரிமையற்ற நிலம் என்னும் கோட்பாட்டை 1992இல் மாபோ வழக்கில் உயர்நீதிமன்றம் மறுத்தது. எனினும் தேசிய அளவிலான உடன்படிக்கை அவர் வாழ்நாளில் கைகூடவில்லை. நூல் புலம்பலில் நின்றதை அவரது பொதுவாழ்வு தாண்டிச் சென்றது எனலாம்.

முடிவுரை

‘ஓலம்’ வந்தபின் ‘தலைமுறைகள்’ வழக்கிழந்தது எனக் கொள்ளுதல் எளிது. அது சரியான மதிப்பீடு ஆகாது. இரண்டாம் நூல் நிகழ்ந்ததைச் சொல்கிறது. முதல் நூல், நல்லியல்பும் உழைப்பும் மனச்சான்றும் உடைய மனிதர் அந்நிகழ்வின் பயனாளராக எவ்வாறு அமைதியுடன் வாழ்ந்தனர் என்பதைக் காட்டுகிறது. கொடியவரின் மௌனத்தை விளக்க வேண்டுவதில்லை. நல்லோரின் மௌனமே ஆய்வுக்குரியது. ஆகவே இரண்டையும் வெளிவந்த வரிசையில் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

நிலவுடைமைக் குடும்பங்களின் தன்வரலாறுகளையும் குலவரலாறுகளையும் ஆராய்வோர்க்கு இவ்விணைவாசிப்பு ஒரு முறையியலைத் தருகிறது. விடுபட்டவரை ஓர் இயலாகச் சேர்ப்பதனால் மட்டும் இத்தகைய வரலாறு நிறைவுறாது. எந்த ஆண்டில் தொடங்குகிறது, எந்த அலகைக் கொள்கிறது, எந்தக் கடனை எண்ணுகிறது என்னும் மூன்று வினாக்களை அதன்மீது தொடுத்தல் வேண்டும். தம் பாட்டியின் கதையை அத்துணை அன்போடு எழுதியவரே இவ்வினாக்களைத் தம் நூல்மீது தொடுத்தார் என்பதே ரைட்டின் எழுத்துக்குத் தனிப் பெறுமதி அளிக்கிறது.