கொடி மாறும் கிராண்ட்மாஸ்டர்கள்

2019 டிசம்பரில் மொஸ்கோவில் நடந்த உலக ரப்பிட் சதுரங்கப் போட்டியில் 16 வயது அலிரேசா ஃபிரூஜாவின் பெயருக்குப் பக்கத்தில் ஈரானின் கொடி இருக்கவில்லை. உலகச் சம்மேளனமான ஃபிடேயின் கொடிதான் இருந்தது. இஸ்ரேலியரோடு ஆடவேண்டி வரும் என்று ஈரான் தன் வீரர்களை விலக்கிக்கொண்டது. 12 வயதில் ஈரானின் தேசியச் சம்பியனான பிள்ளை, நாடில்லாமல் ஆடி அப்போதைய உலகச் சம்பியன் கார்ல்சனுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. 2021இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் அவருடைய தரப்புள்ளி 2804. மிக இளம் வயதில் 2800ஐத் தொட்டவர் அவரே.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆடவேண்டிய வயதில் ஆடவிடாத அரசியலுக்கு ஒரு பிள்ளை ஏன் பலியாக வேண்டும்? இடம்பெயர்வுகளுக்கு நடுவே படிப்பும் விளையாட்டும் பறிபோன ஒரு தலைமுறை வன்னியில் எங்களோடு வாழ்கிறது. போன வருடங்களை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

சேர்ஜி கர்யாகினின் மாற்றம் எனக்கு அவ்வளவு எளிதாகச் செரிக்கவில்லை. சிம்ஃபெரோபோலில் பிறந்தவர். 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். 2004 ஒலிம்பியாட்டில் தங்கம் வென்ற உக்ரைன் அணியிலும் ஆடினார். 2009இல் ரஷ்யாவுக்கு மாறினார். ஆட்டம் வளர்ந்தது உண்மை. 2016இல் நியூயோர்க்கில் உலகப் பட்டத்துக்குக் கார்ல்சனோடு மோதி, சமன்முறிப்பில்தான் தோற்றார். ஆனால் 2022இல், தன்னை ஆளாக்கிய நாட்டின்மீது நடந்த படையெடுப்பை வெளிப்படையாக ஆதரித்தார். ஃபிடே ஆறு மாதம் தடைவிதித்தது. உலகச் சம்பியனோடு மோதுபவரைத் தெரிவுசெய்யும் கண்டிடேற்ஸ் போட்டியில் அவருக்கிருந்த இடமும் பறிபோனது.

விசுவநாதன் ஆனந்த் பல ஆண்டுகள் ஸ்பெயினில் வீடெடுத்து இருந்தும் இந்தியாவுக்கே ஆடினார். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

இலங்கைக்கு இன்னும் ஒரு கிராண்ட்மாஸ்டர் கூட இல்லை. பட்டத்துக்கு 2500 தரப்புள்ளியோடு மூன்று நோர்ம், அதாவது கிராண்ட்மாஸ்டர் தரத்தில் ஆடிய போட்டிப் பெறுபேறுகள், வேண்டும். நோர்ம் எடுக்கும் போட்டியில் எதிராளிகளில் மூன்றிலொரு பங்காவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்கவேண்டும். உள்ளூரில் அவர்கள் இல்லாத நாட்டுப் பிள்ளை வெளிநாடு போய்த்தான் தீரவேண்டும். கிளிநொச்சிப் பிள்ளைக்கோ கொழும்பே தூரம். வலயம், மாகாணம் தாண்டித் தேசிய மட்டத்துக்கு வந்தால், ஏ9 வழியே இரவு பஸ்ஸில் 300 கிலோமீற்றருக்கு மேல் போய், நித்திரை முறிந்த கண்ணோடு காலையில் முதல் சுற்றுக்கு உட்காரவேண்டும். சுருட்டிய பலகை பாடசாலையுடையது. பஸ் காசு பல நேரம் ரீச்சர் கொடுத்தது.

கொடி மாறும் முறையின் பெரிய குறையை நான் இங்கேதான் காண்கிறேன். வீரர் கொடி மாறும்போது கைமாறும் இழப்பீடு பழைய நாட்டுச் சம்மேளனத்துக்குப் போகிறது. அந்த ரீச்சருக்கோ பாடசாலைக்கோ ஊர்க்கழகத்துக்கோ அதில் உரித்தில்லை. உதைபந்தாட்டத்தில் அப்படியில்லை: வீரர் கழகம் மாறும் விலையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரிக்கப்படவேண்டும் என்பது ஃபீஃபாவின் விதி.

பிள்ளைகள் போவதைத் தடுக்கும்படி நான் கேட்கவில்லை; போகட்டும், நன்றாக ஆடட்டும். ஃபிடேயும் இப்படியொரு விதியை எழுதவேண்டும். அதற்கான கோரிக்கையை இலங்கைச் சம்மேளனம் முன்வைக்கட்டும். எழுதிக் கேட்பதற்கு ஒரு கிராண்ட்மாஸ்டர் உருவாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.