129-க்கு 165

ஸ்கோர் போர்டை மட்டும் பார்த்தால் சுமார் ரகம்தான். 129 முறை பறந்து, காயம்பட்ட 165 பேரைத் தூக்கி வந்திருக்கிறார். ஒரு நடைக்கு ஒன்றேகால் ஆள். போர்முனையில் ஹெலிகாப்டர் ஓட்டிய முதல் பெண் என்று பெயர் வாங்கிய பிரெஞ்சு ராணுவ டாக்டர் வலேரி ஆந்த்ரேயின் இந்தோசீனக் கணக்கு இது. 'முதல் பெண்' என்ற பட்டத்தைச் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகிறவர்கள் இந்த ஒன்றேகாலைக் கவனிப்பதே இல்லை. ஆட்டமே அதில்தான் இருக்கிறது.

அவர் ஓட்டியது ஹில்லர் 360. என்ஜின் 178 குதிரைத்திறன். இன்று நம் ஊர் எஸ்யூவிகளிலேயே அவ்வளவு வந்துவிட்டது. பக்கத்துக்கு ஒன்றாக வெளியே இரண்டு ஸ்ட்ரெச்சர் கூடைகள். எப்படி அடித்தாலும் ஒரு நடைக்கு இரண்டு ரன்னுக்கு மேல் கிடையாது. வெப்பக் காற்றில் இயந்திரம் இன்னும் திணறும். அந்த நிலையில் ஆந்த்ரேயின் ஒல்லி உடம்பே அணிக்கு ஒரு பலம். பைலட்டிடம் குறைகிற ஒவ்வொரு கிலோவும் நோயாளிக்குப் போகுமே!

ஓட்டும்போது இடது கையில் ஏற்ற இறக்க லீவர். அதன் நுனியையே பைக் ஆக்சிலரேட்டர் போல முறுக்க வேண்டும். வலது கையில் திசைத் தடி, கால்களில் பெடல். ஒன்றை அசைத்தால் மற்றவற்றையும் சரிக்கட்ட வேண்டும். கூடையில் கிடப்பவருக்கு நடுவானில் ரத்தம் பீறிட்டாலும் டாக்டருக்குக் கை ஒழியாது. ஆகவே யாரை முதலில் ஏற்றுவது, யாரை அங்கேயே கீறித் தைப்பது என்ற முடிவெல்லாம் தரையிலேயே எடுத்தாக வேண்டும். மூளை அறுவைப் பிரிவில் பழகியவர், 1950-ல் சைகோனில் ஹெலிகாப்டரைப் பார்த்து, பிரான்சுக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்ததன் பலன் அங்கேதான் தெரிகிறது. இரண்டு ஆட்டக்காரர் வேலையை ஒருவர் செய்தார் என்பதல்ல விஷயம். ஒரு வேலை மற்றதைக் கூர்மையாக்கியது.

அவருடைய சிறந்த இன்னிங்ஸ் எது என்று கேட்டால், 1951 டிசம்பர் 11, தூ வூ என்பேன். கறுப்பு ஆற்றங்கரையிலுள்ள அந்த இடத்தில் காயம்பட்டவர்கள் குவிந்து கிடக்கிறார்கள். கைவசமிருந்த ஹெலிகாப்டரோ சைகோனில். அதைக் கழற்றிச் சரக்கு விமானத்தில் ஹனோய்க்குக் கொண்டுபோய் மறுபடி பூட்டினார்கள். மூடுபனி, கீழிருந்து துப்பாக்கிச் சூடு. போய் இறங்கியவர் அவசரமானவர்களுக்கு அங்கேயே அறுவை செய்துவிட்டு, இரண்டிரண்டு பேராக ஹனோய்க்குக் கொண்டுவந்தார்.

வியட்நாமியர் விடுதலைக்காகப் போராடிய போர் அது. அவர் ஆடியது அந்தப் போராட்டத்தை நசுக்க வந்த பிரெஞ்சு அணிக்கு. அலசலில் அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு அல்ஜீரியாவிலும் பறந்தார். 1976-ல் பிரான்சின் முதல் பெண் ஜெனரல். 2025 ஜனவரியில், 102 வயதில் காலமானார்.

இந்தோசீன நாட்களைப் பற்றி 1954-ல் எழுதிய புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பு வானொலியில் ஹெலிகாப்டரைக் கூப்பிட்ட பெயரிலிருந்து வந்தது: 'இங்கே, மின்விசிறி!'