பொறியாளரின் அபிப்பிராயங்கள்

சென்ற மாதம் திருமழிசையில் என் வீட்டு மொட்டைமாடியில் நாலைந்து பேர் கூடியிருந்தோம். வந்தவர்களில் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது ஜீவனம். தான் எழுதிய கட்டுரை ஒன்றை அவர் படித்தார். வேலை, பத்திரிகைகள், சினிமா, புதிய கருவிகள், குழந்தை வளர்ப்பு, முதுமை என்று ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. ஒவ்வொன்றும் நாலு வரி. ஒவ்வொன்றும் சரியாகவும் இருந்தது. படித்து முடித்ததும் யாரும் வாய் திறக்கவில்லை. அது சரியாக இருந்ததுதான் எங்களைச் சங்கடப்படுத்தியது என்று இப்போது தோன்றுகிறது. கடைசியில் ஒருவர், "சுஜாதா மாதிரி இருக்கு" என்றார். படித்தவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். சொன்னவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

சுஜாதாவைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள்தான் உண்டு. ஒன்று, அவர் வெகுஜனப் பத்திரிகைகளின் செல்லப்பிள்ளை, நடையைச் சமத்காரமாக்கி விற்றவர் என்பது. மற்றது, அறிவியலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்ற மாலை மரியாதை. இரண்டுமே அவரைப் படிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடுகள். எஸ். ரங்கராஜன் (1935–2008) குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் படித்துவிட்டு, விமானப் போக்குவரத்துத் துறையில் உத்தியோகம் பார்த்து, பிறகு பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் அவருக்குப் பொறுப்பான பங்கு இருந்தது. இவ்வளவையும் செய்துகொண்டே, 1965-இல் ஆரம்பித்த கணையாழியின் கடைசிப் பக்கத்தில் பல ஆண்டுகள் எழுதினார். பின்னாளில் ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' எழுதினார். இன்று தென்காசிப் பக்கம் குடியேறிய ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு கிராமம், கல்வி, உணவு என்று சொல்வதை ஊரே நின்று கேட்கிறது. மென்பொருள் தெரிந்தவனுக்கு வாழ்க்கையும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் எப்படி வந்தது என்று தேடிப்போனால் ஒரு தடம் கணையாழியின் கடைசிப் பக்கத்தில் போய் நிற்கும். கணையாழியைப் பின்னாலிருந்து புரட்டிய பழக்கம் நம்மில் பலருக்கு இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அந்தப் பக்கத்தின் கவர்ச்சி என்ன? ஒரு சிலிக்கன் சில்லு, அதன் பக்கத்தில் ஒரு புதுக்கவிதை, அதற்கடுத்துப் பார்த்து நொந்த ஒரு படம், பிறகு ஸ்ரீரங்கத்துத் தெரு. எதிலும் நிலைக்காமல் எதையும் விடாமல் ஓடும் ஒரு மனம். தமிழில் கட்டுரை என்றால் பீடிகை, பொருள், முடிவுரை என்று இருந்த பண்டித வழக்கத்தை அது காலி செய்தது. இதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வெகுஜன வாசகனுக்கு நம் கவிஞர்களின் பெயர்கள் தெரியவந்ததில் அந்தப் பத்திகளுக்கு உள்ள பங்கையும், அவரை மட்டம் தட்டும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அபிப்பிராயம் என்பது நம் சூழலில் பழைய வழக்கு. க.நா.சு. நல்லது இது, அல்லாதது இது என்று பட்டியல் போட்டபோது, 'எழுத்து' (1959–1970) நடத்திய செல்லப்பா, எப்படி இந்த முடிவுக்கு வந்தாய், பிரதியைப் பிரித்துக் காட்டு என்று மல்லுக்கு நின்றார். க.நா.சு.வின் பட்டியலுக்குப் பின்னால் வாழ்நாள் முழுக்கப் படித்த படிப்பு இருந்தது. அதைக் காட்ட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகர்த்த எனக்கு அனுமதி இல்லை. தொகை சரியாகவே இருந்தாலும் அனுமதி இல்லை. அதனாலோ என்னவோ, இந்த வழக்கில் எனக்குச் செல்லப்பா பக்கம் சாய்வு உண்டு.

சுஜாதாவிடம் வவுச்சர் கேட்டால் அவர் தருவது எளிமை. அவருடைய உரைநடையின் தர்மமே அதுதான். ஆழ்வார்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கும் 'எளிய அறிமுகம்' என்றுதான் பெயர் வைத்தார். (திருமழிசைக்காரனாக ஒரு வார்த்தை: எங்கள் ஊர் ஆழ்வார் சமணம், பௌத்தம், சைவம் எல்லாவற்றிலும் புகுந்து புறப்பட்ட பிறகே வைணவத்துக்கு வந்தார் என்பது குருபரம்பரை சொல்லும் கதை. அவருடைய முடிவைவிட அவர் போன சுற்றுவழிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.) பொறியாளனுக்கு எளிமை என்பது என்ன? உபயோகிப்பவன் கண்ணுக்கு ஒரு பொத்தான் மட்டும் தெரிய வேண்டும். உள்ளே நடப்பது அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது. வாக்குப்பதிவு இயந்திரத்தையே பாருங்கள். நீலப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது, பீப் சத்தம் கேட்கிறது, முடிந்தது. பத்தி எழுத்தாளரான சுஜாதாவின் வாக்கியமும் இதே அமைப்பில்தான் வேலை செய்கிறது. விஷயம் அழுத்தப்படுகிறது, விளக்கு எரிகிறது, நாம் திருப்தியாக அடுத்த பத்திக்குப் போகிறோம். நடுவில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றாதபடி செய்வதுதான் அந்த நடையின் சாதுர்யம்.

இந்த இயந்திரத்தின் சரித்திரம் நம் விவாதத்துக்கு நேரடியாக உதவுகிறது. 1982-இல் கேரளத்தில் பரவூர்த் தொகுதியின் 50 சாவடிகளில் அது முதன்முதலாக உபயோகமானது. தோற்றவர் வழக்குப் போட்டார். இயந்திரத்தில் வாக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சுப்ரீம் கோர்ட் 1984-இல் சொல்லி, அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. 1988-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 லோக்சபா தேர்தலில் தேசம் முழுக்க அது வந்துவிட்டது. அத்துடன் கதை முடியவில்லை. 2013-இல் சுப்ரீம் கோர்ட், வாக்காளன் கண்ணால் பார்க்கும்படி ஒரு காகிதச் சீட்டும் வேண்டும் என்றது. இப்போது பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி ஒரு சீட்டு தெரிகிறது, பிறகு உள்ளே விழுகிறது. அந்த ஏழு விநாடியை நான் பெரிதாக நினைக்கிறேன். இயந்திரம் தப்பு செய்தது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. சரியாக இருப்பது மட்டும் போதாது, சரியாக இருப்பதை எதிரே நிற்கிறவனுக்குக் காட்டவும் வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொள்ளவைத்தது. 2008-இல் மறைந்துவிட்ட சுஜாதா இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிப்பது வீண்வேலை.

வீண்வேலை என்று சொல்லக் காரணம், அவர் இதை முன்பே எழுதிவிட்டார் என்பதுதான். எழுதியது பத்தியில் அல்ல, 'நகரம்' சிறுகதையில். வள்ளியம்மாள் என்ற எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துத் தாய், காய்ச்சலில் கிடக்கும் மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறாள். இந்தக் கதையை அரசாங்க ஆஸ்பத்திரியின் அலட்சியத்தைச் சாடும் கதை என்று வகுப்பறைகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கதையில் கெட்டவன் என்று யாரும் இல்லை. பெரிய டாக்டர் நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கிறார். உடனே அனுமதிக்க வேண்டும் என்று சரியான உத்தரவும் போடுகிறார். உத்தரவு சீட்டாகிறது, சீட்டு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகிறது, கௌண்ட்டரில் இருப்பவர் கேட்க வேண்டியதைக் கேட்கிறார், ஒருவர் அடுத்த அறையைக் காட்டுகிறார், இடமில்லை, காலையில் வா என்கிறார் இன்னொருவர். ஒவ்வொருவரும் தன் காரியத்தைக் கிட்டத்தட்ட ஒழுங்காகவே செய்கிறார்கள். இணைப்புகளில்தான் குழந்தை நழுவிவிடுகிறாள். டாக்டர் விசாரித்துச் சத்தம் போட்டு ஆள் அனுப்புவதற்குள், வெறும் ஜுரம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் காணிக்கை வேண்டிக்கொண்டு தாய் ரிக்‌ஷாவில் போய்விடுகிறாள்.

பல உறுப்புகளை ஒன்றாக இணைத்து ஓட்டிப் பார்க்கிற தொழிலில் இருக்கிற ஒருவனால்தான் இதை இப்படிப் பார்க்க முடியும் என்பது என் எண்ணம். தனித்தனியே சோதித்தால் எல்லாம் தேறும். சேர்த்து ஓட்டினால் உயிர் போகும். அறம் பேசப் புறப்பட்ட எழுத்தாளனுக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டிருப்பான். சுஜாதாவுக்குத் தேவைப்படவில்லை. அவருடைய தொழில் அவர் கலைக்குக் கொடுத்த பெரிய கொடை இதுவே என்பேன். என் இனிய இயந்திராவும் ஜீனோவும் எனக்கு இதற்குப் பிறகுதான்.

அபிப்பிராயம் சொல்கிறவன் இந்தக் கதையில் எங்கே இருக்கிறான் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். அவன் பெரிய டாக்டரின் இடத்தில் இருக்கிறான். சரியாகச் சொல்கிறான், சொல்லிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விடுகிறான். சொன்னதற்கும் படுக்கைக்கும் நடுவில் இருக்கும் வராந்தா அவனுக்குத் தெரியாது. கடைசிப் பக்கங்களின் சுஜாதா பெரிய டாக்டர். நகரத்தின் சுஜாதா வள்ளியம்மாளோடு சீட்டைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் அலைகிறவர். இருவரும் ஒரே மனிதர் என்பதை நாம் யோசிக்கவே இல்லை. முதலாமவரைக் காட்டி இரண்டாமவரை நிராகரித்தோம். அவர் வாசகர்களோ இரண்டாமவரைக் காட்டி முதலாமவரைக் கும்பிட்டார்கள்.

மொட்டைமாடி நண்பருக்கு வருகிறேன். அவரிடம், வாழ்க்கை கிடக்கட்டும், ஒரு நாள் நீங்கள் எழுதிய ஒரு வரியைப் பற்றி எழுதுங்களேன் என்றேன். அந்த வரியை எழுத யார் சொன்னார்கள், வேறு எப்படி எழுதியிருக்கலாம், அது யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சார், அதை எழுதக்கூடாதுன்னுதான் சேரும்போதே கையெழுத்து வாங்கிக்கிறான்" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் உட்கார்ந்து செய்கிற காரியத்தைப் பற்றி வாய் திறக்க முடியாதவனுக்கு மிச்சமிருக்கும் பொது விஷயம் வாழ்க்கை ஒன்றுதான். சுஜாதாவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள ஒரு நிறுவனத்தில் இருந்தவர்தான். பத்திகளில் அத்தனை விஷயங்கள் ஏன் வந்து குவிந்தன என்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கடந்தவர்கள் இல்லாமலில்லை. இரா. முருகன் 'மூன்று விரல்' நாவலை மென்பொருள்காரனின் வேலையை வைத்தே எழுதினார். அது புனைகதையாக வந்ததால்தான் எழுத முடிந்தது போலும்.

நண்பரை விரட்டுகிறேனே, நான் எந்த இடத்தில் இருக்கிறேன்? எங்கள் தொழிலில் கம்ப்யூட்டர் வந்த கதையிலும் ஒரு ரங்கராஜன் உண்டு. ரிசர்வ் வங்கியின் சி. ரங்கராஜன் தலைமையில் 1983-இல் அமைந்த கமிட்டி, வங்கிகளில் இயந்திரம் புகுத்த மறுவருஷம் வழி சொன்னது. வேலை போய்விடும் என்று சங்கங்கள் அஞ்சின. அந்தச் சண்டைகளை ஓய்வு பெற்றவர்கள் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். எனக்கு லெட்ஜர் தெரியாது. திரை மட்டும்தான் தெரியும். திரை சொல்வதை நான் தமிழில் சொல்கிறேன். என் உத்தியோகத்தை இப்படிச் சொன்னால் மிகையில்லை.

இரண்டு மாதம் முன்பு ஒரு அம்மாள் வந்தாள். சிட்கோ தொழிற்பேட்டையில் ஏதோ பட்டறையில் இருபது வருஷம் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவள். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். ஊரில் கைமெஷினோடு வந்து பணம் கொடுக்கும் ஆள், விரல் விழவில்லை, பேங்குக்குப் போ என்று அனுப்பியிருக்கிறார். கணக்கைத் திறந்தேன். விவரங்கள் புதுப்பிக்காததால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. புதுப்பிக்க விரல் வைக்க வேண்டும். வைத்தாள். பத்து விரலையும் வைத்தாள். பொருந்தவில்லை என்றது திரை. சோடாவும் ஆசிட்டும் தின்ற விரல்கள்.

"என் கை எனக்கே பொருந்தலையா சாமி?" என்று கேட்டாள்.

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. பூந்தமல்லி தாலுகா ஆபீஸில் ஆதார் மையம் இருக்கிறது, அங்கே போய் ரேகையைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி, படிக்கத் தெரியாது என்றதால் யாரிடமாவது காட்டுவதற்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சீட்டைக் கொடுத்த கை என்னுடையது. நான் சொன்னது அத்தனையும் சரி.

அடுத்த வாரம் திரும்பி வந்தாள். அங்கேயும் விழவில்லையாம், இன்னொரு நாள் வரச் சொன்னார்களாம். அன்று மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டு, காகிதத்தில் விண்ணப்பம் எழுதி, சாட்சி வைத்து, கணக்கைத் திறக்க அரை நாள் ஆயிற்று. அதற்கு விதியில் இடம் முதலிலிருந்தே இருந்தது. முதல் நாளே எனக்குத் தெரியும்.