எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தின் அமர்வுச் சேமிப்பு: ஒரு டிக் பெட்டியின் குழப்பம்

ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் மைக்ரோசாஃப்ட்டின் இந்திய மேம்பாட்டு மையமும், 1998இல் தொடங்கப்பட்ட ஐஐஐடி கல்விக்கழகமும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பதால், விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் அங்கே அக்கம்பக்கமாகப் புழங்குகின்றன. மடிக்கணினியைத் திறந்த கையோடு கூட்ட அறையின் பெருந்திரையில் இணைத்துவிடும் இத்தகைய பணியிடங்களில், புகுபதிகை செய்தவுடன் பழைய கோப்புகளும் முனையங்களும் தாமாகத் திறந்துகொள்வது வெறும் எரிச்சல் மட்டுமன்று. ஒரு வாடிக்கையாளரின் ஆவணம் இன்னொருவர் கண்ணில் படுவதற்கும் அது வழிவகுக்கும். பழைய கணினிகளிலும் சுறுசுறுப்பாக இயங்குவதால் லினக்ஸ் பயனர்கள் பலர் விரும்பும் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தில் இது நேரும்போது வைரஸோ என்ற ஐயம் எழலாம். பெரும்பாலும் காரணம் அமர்வுச் சேமிப்பு என்னும் அமைப்பேயாகும்.

அமர்வு என்பது, பயனர் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழைவது முதல் வெளியேறுவது வரையிலான காலத்தையும், அப்போது இயங்கும் நிரல்களின் தொகுதியையும் சேர்த்துக் குறிக்கும். அதைச் சேமிப்பதற்கான நெறிமுறை, அதாவது நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் விதித்தொகுப்பு, 1994இல் வெளிவந்த எக்ஸ்11 சாளர அமைப்பின் ஆறாம் வெளியீட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. பயனர் வெளியேறும் வேளையில் அமர்வு மேலாளர் ஒவ்வொரு நிரலிடமும் அதன் நிலையைச் சேமிக்குமாறு கேட்க, நிரல் தன்னை மறுபடி தொடங்குவதற்கான கட்டளையை அதனிடம் ஒப்படைக்கும். எந்த அளவுக்கு நிலையைச் சேமிப்பது என்பது அந்தந்த நிரலின் பொறுப்பு என்பதால், முனையச் சாளரம் திரும்பி வருகிறதே ஒழிய, அதில் ஓடிக்கொண்டிருந்த வேலை திரும்புவதில்லை.

எக்ஸ்எஃப்சிஇயில் சிக்கல் தொடங்குமிடம் வெளியேறும்போது தோன்றும் சிறு பெட்டி. எதிர்காலப் புகுபதிகைகளுக்காக அமர்வைச் சேமிக்கவா என்று கேட்கும் டிக் கட்டம் ஒன்று அதன் அடியில் இருக்கிறது. ஒருமுறை இட்ட டிக் அடுத்த முறையும் நினைவில் வைக்கப்படுவதால், வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைக் கவனிப்பார் அரிது. டிக்கை எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் டிக்கை எடுப்பதன் பொருள் புதிதாக எழுதாதே என்பதே தவிர, முன்பு எழுதியதை அழி என்பதன்று. எனவே என்றோ சேமிக்கப்பட்ட அமர்வு அப்படியே உறைந்து நின்று, அதிலுள்ள சாளரங்கள் எத்தனை முறை மூடப்பட்டாலும் ஒவ்வொரு புகுபதிகையிலும் திறக்கின்றன. மிகவும் கண்டிக்கத்தக்க வடிவமைப்புப் பிழை இதுதான். சாளரங்களுக்குத் தலைப்புப் பட்டையிடும் நிரலான சாளர மேலாளர் செயலிழந்திருந்த நேரத்தில் அமர்வு சேமிக்கப்பட்டிருந்தால், அடுத்த நாள் சாளரங்கள் தலைப்புப் பட்டையின்றித் தோன்றி, நகர்த்தவும் மூடவும் முடியாமல் நிற்கும் விபரீதமும் உண்டு.

தீர்வு கடினமானதன்று. அமைப்புகளில் 'அமர்வும் தொடக்கமும்' என்ற பகுதிக்குச் சென்று, தானாகச் சேமிக்கும் தெரிவை நீக்கிவிட்டு, சேமித்த அமர்வுகளை அழிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அதன் பின் வெளியேறும்போது அந்த டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். அழித்தால் மேசைத்தளமே குலைந்துவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை, ஏனெனில் சேமித்த அமர்வு இல்லாதபோது பணிப்பட்டை, சாளர மேலாளர் முதலிய அடிப்படை நிரல்களை மட்டும் கொண்ட காப்பு அமர்வு தானே தொடங்கும். அதன் பிறகும் ஏதேனும் திறந்தால் தானியங்கு தொடக்கப் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஒரே நிரல் அதிலும் அமர்விலும் இருக்கும்போது இரண்டு முறை திறப்பதும் நிகழ்வதே.

அமர்வை மீட்கும் இதே வசதி 2011இல் மேக் ஓஎஸ் எக்ஸ் லயனில் வந்தபோது, டிக்கை எடுத்தால் சாளரங்கள் திறக்காது என்ற எளிய பொருளே இருந்தது. விண்டோஸ் 10இல் 2017 முதல் செயலிகள் மறுதொடக்கத்துக்குப் பின் தாமாகத் திறக்கத் தொடங்கினாலும், அதற்கெனத் தனி நிலைமாற்றி 2020ஆம் ஆண்டில் வந்த, '2004' என்று எண்ணிடப்பட்ட பதிப்பில்தான் உள்நுழைவுத் தெரிவுகளின்கீழ் வைக்கப்பட்டது. கேடிஇ பிளாஸ்மாவோ கடைசியாக வெளியேறியபோது இருந்தவை, பயனர் தாமே சேமித்தவை, வெற்று அமர்வு என மூன்று வழிகளைத் தனித்தனியே காட்டுவதோடு, குறிப்பிட்ட செயலிகளை விலக்கவும் இடமளிக்கிறது. காலைதோறும் அதே கண்காணிப்புச் சாளரங்கள் வேண்டுமென்று கருதுவோருக்கு இரண்டாம் வழி பொருந்தும். எக்ஸ்எஃப்சிஇயிலும், வேண்டியவற்றை மட்டும் திறந்து ஒருமுறை சேமித்து, பின்னர் டிக்கை எடுத்துவிட்டு, அந்த உறைவையே பயனாக்கிக்கொள்ளலாம். ஆனால் அப்படியொரு பயன் இருப்பதை அதன் வெளியேறும் பெட்டி எங்கும் சொல்வதில்லை.